ஐம்பத்தெட்டு பேருக்கும் புரிந்தது

எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொன்ன குழாய்க்காரர் பத்து இருபதுக்கு வந்தார். அப்போது புள்ளியியல் ஆசிரியர் படுக்கையறையில் உட்கார்ந்து இணையவழி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்.

குரல் எதிரொலிக்காமல் இருக்க அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தார். மனைவியின் சேலைகளும் மகளின் பள்ளிச் சீருடைகளும் பாடம் கேட்டுக்கொண்டிருந்தன. மேசையில் மடிக்கணினி. பக்கத்தில், எழுதினால் திரையில் தெரிகிற பலகை. மூன்று தடித்த புத்தகங்களின் மேல் ஒரு விளக்கு. சட்டைக் காலரில் பொத்தான் அளவுக்கு ஒரு மைக். திரையில் ஐம்பத்தெட்டுக் கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண். முகம் காட்டினால் டேட்டா தீர்ந்துவிடுகிறது என்று மாணவர்கள் விண்ணப்பம் எழுதி, கேமரா வேண்டாம் என்று கல்லூரி விட்டுக்கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அழைப்பு மணி அடித்தது. "ஒரு நிமிஷம்" என்று கட்டங்களிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தார். மைக் காலரிலேயே இருந்தது.

"மேல டேங்க் வால்வை முதல்ல மூடுங்க. அப்புறம் இதைக் கழட்டுங்க. போன தடவை வந்தவர் வீட்டையே குளமாக்கிட்டுப் போனார். புரியுதா?"

"ம்" என்றார் குழாய்க்காரர்.

படுக்கையறையிலிருந்து சத்தம் கேட்டது. யாரோ குண்டூசி டப்பாவைக் கவிழ்த்ததுபோல. செய்தி வந்தால் மடிக்கணினி எழுப்பும் ஒலி அது. ஒன்று, ஐந்து, இருபது. அப்புறம் எண்ண முடியவில்லை.

"உள்ள என்ன சார்?"

"என் மாணவர்கள்."

குழாய்க்காரர் பையைக் கீழே வைத்தார். "எனக்குச் சொன்னது அவங்களுக்குப் புரிஞ்சிருச்சா?"

ஆசிரியர் திரும்பிப் போய்த் திரையைப் பார்த்தார். புரிந்தது சார். புரியுது சார். ஓகே சார். புரிந்தது சார். யெஸ் சார். இருபத்து மூன்றாம் எண் வழக்கம்போலக் கால் போடாமல் 'புரிந்தது சர்' என்று எழுதியிருந்தது. ஐம்பத்தெட்டுப் பதில்கள். டேங்க் வால்வை மூடுவது ஐம்பத்தெட்டு பேருக்கும் புரிந்திருந்தது.

கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். கிண்டலாக இருந்தால் ஒருவராவது வேறு மாதிரி எழுதியிருப்பார். திரையை மேலே தள்ளிப் பார்த்தார். பத்து நிமிடத்துக்கு முன் கேட்டபோதும் இதே பதில்கள். அதற்கு முந்திய தடவையும் இதே.

அவர் அந்தக் கல்லூரியில் பதினொரு வருடமாக ஒப்பந்த ஆசிரியர். ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் ஒரு தாள் வரும். கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருடம். ஒரு தடவை தாள் வரத் தாமதமானதில் நாற்பது நாள் அவர் ஆசிரியராகவே இல்லை. மகளிடம் சொல்லவில்லை. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போய் நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வந்தார். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. "இன்னைக்கு யாரைப்பா அடிச்சீங்க?" என்று தினமும் கேட்பாள். "யாரையும் இல்லம்மா" என்பார். அது உண்மைதான்.

இந்த வருடம் கதை வேறு. இணையவழிப் படிப்புப் பிரிவு என்று ஒன்றைக் கல்லூரி தொடங்கப்போகிறது. அதற்குத் தலைவர் பதவி, நிரந்தரம். வகுப்பில் எத்தனை மாணவர்கள் பதில் எழுதுகிறார்கள் என்று கணினி தானாக எண்ணி மாதாமாதம் அறிக்கை தரும். மற்ற ஆசிரியர்களுக்குப் பன்னிரண்டு சதவீதம், பதினைந்து சதவீதம். வணிகவியல் அம்மாவுக்கு இருபத்திரண்டு. புள்ளியியல் ஆசிரியருக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. கணினியில் கோளாறு என்று நினைத்த முதல்வர் கணினி அறைக்காரரைக் கூப்பிட்டு மூன்று தடவை சரிபார்க்கச் சொன்னார். எதற்கும் அணைத்துப் போடுங்கள் என்று சொல்வதால் கணினி அறைக்காரருக்கு ரீஸ்டார்ட் என்று பெயர். அவர் மூன்று தடவையும் அணைத்துப் போட்டார். எண் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லா ஆசிரியர்களையும் கூட்டிவைத்து, அவர்கள் முன்னால் இவர் தன் வகுப்பை நேரலையில் நடத்திக் காட்ட வேண்டும். அன்று மாலை நிர்வாகக் குழு கையெழுத்துப் போடும்.

எண் மிக அழகாக இருந்தால் அதைச் சந்தேகப்படு என்று முதல் வகுப்பிலேயே அவர் மாணவர்களுக்குச் சொல்லித் தருவார். இரண்டு மாதமாக ஐம்பத்தெட்டு பேரும் தினமும் பதில் எழுதியதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அது அவருடைய எண்.

நாற்காலியில் உட்கார்ந்தார். குளியலறையில் இரும்பு இரும்பில் தட்டும் சத்தம். மைக் பக்கம் குனிந்து சொன்னார்:

"புரியுதா?"

குண்டூசிகள் கொட்டின.

"ரெண்டும் ரெண்டும் அஞ்சு. புரியுதா?"

புரிந்தது சார். யெஸ் சார். புரிந்தது சர்.

"யாராவது இருக்கீங்களா?"

ஒன்றும் வரவில்லை. கறுப்புக் கட்டங்கள் அப்படியே இருந்தன.

ஒவ்வொரு நாளும் வகுப்பை முடிக்கும்போது சொல்வதையே சொன்னார்: "சரி, அடுத்த வகுப்புல பார்க்கலாம்." கட்டங்கள் அணையத் தொடங்கின. நான்கு விநாடியில் ஐம்பத்தேழு அணைந்தன. விடைபெறுவதும் அவர்கள் இல்லை.

ஒரு கட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. எண் நாற்பத்தொன்று. அதன் ஓரத்தில் மைக் அடையாளம் பச்சையானது. காகித ஒட்டுநாடாவைச் சரக்கென்று இழுக்கும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல்.

"சார், நான்தான் சார்."

"யாரு?"

"எழுதினது. அந்தப் புரோகிராமை. ரெண்டும் ரெண்டும் அஞ்சுன்னு சொன்னீங்க, சிரிச்சுட்டேன். அதுக்கப்புறம் சிரிப்பு வரல."

அவர் மடிக்கணினியின் ஒலியைக் கூட்டினார்.

"நீங்க பேசறது கீழ எழுத்தா ஓடுதில்ல சார், அதை அது பாத்துட்டே இருக்கும். புரியுதான்னு எழுத்து வந்தா அவங்கவங்க எழுதிவெச்ச பதிலைப் போட்டுரும். எல்லாருக்கும் ஒரே நேரத்துல வந்தா தெரிஞ்சிரும்னு ஒண்ணுல இருந்து நாலு செகண்ட் வரைக்கும் மாத்தி மாத்தி வெச்சிருக்கேன்."

"ஏம்மா?"

"நான் பொருள் அனுப்பற கிடங்குல பேக்கிங்ல இருக்கேன் சார். காதுல மாட்டிட்டு வேலை செஞ்சுட்டே கேப்பேன். ரெண்டு கையும் பெட்டியில இருக்கும். நீங்க கேக்கறப்பல்லாம் கையை எடுத்து டைப் பண்ண முடியல. பதில் எழுதலைன்னா அஞ்சு மார்க் போயிரும். முதல்ல எனக்கு மட்டும்தான் எழுதினேன். பக்கத்து எண் கேட்டான். அப்படியே போயிருச்சு."

"கேள்வி கேட்டா பதில் சொல்லணும்னு உங்களுக்கு..." என்று ஆரம்பித்தார்.

நாற்பத்தொன்று கொஞ்சம் தயங்கியது. "நீங்க கேக்கல சார். கமா போட்டீங்க."

"என்ன?"

"நீங்க புரியுதான்னு சொல்றது கேள்வி இல்ல சார். அதுக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல எவ்வளவு நேரம் விடறீங்கன்னு எண்ணிப் பாத்தேன். ஒன்றரை செகண்ட். அதுக்குள்ள 'பு' கூட டைப் பண்ண முடியாது."

ஒட்டுநாடா மறுபடி கிழிந்தது.

"வேற சாருக்கும் மேடத்துக்கும்கூட இருக்கு சார். ஆறு பேருக்கு. ஆனா அவங்களுக்குச் சரியா வேலை செய்யறதில்ல. வார்த்தையை மாத்தி மாத்திப் பேசறாங்க. நீங்கதான் மாத்தறதே இல்ல."

அது பாராட்டாகவே சொல்லப்பட்டது.

"வெள்ளிக்கிழமை உங்களுக்கு முக்கியம்னு கேள்விப்பட்டோம் சார். அது வரைக்கும் ஓடட்டும். அப்புறம் நிறுத்திடறேன். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்." யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வரேண்ணா" என்றாள். கட்டம் அணைந்தது.

குழாய்க்காரர் வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "முடிஞ்சுது சார். இனி ஒழுகாது. தண்ணி விட்டுப் பாத்துட்டேன்."

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிற வேலை. மாலையில் வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே குழாயைத் திறந்து பார்த்தாள். ஒழுகவில்லை. "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் சொன்னார். டேங்க் வால்வு வரும் இடத்தில் அவள் சிரித்தாள். கமா வரும் இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள்.

"நான் கடையில யார்கிட்டயும் தெரியுதான்னு கேக்கமாட்டேங்க" என்றாள். "கேட்டா தெரியுதுன்னுதான் சொல்லுவாங்க. கண்ணு தெரியலைன்னு ஒத்துக்க எல்லாருக்கும் வெக்கம். மூணாவது வரியைப் படிங்கன்னு சொல்லுவேன். படிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன். அந்த நேரத்துல வர்றவங்களுக்கு வேர்க்கும். எனக்கும் வேர்க்கும்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதா? பயிற்சி வகுப்புல எழுதியே வெச்சிருக்கேன்."

"தெரியும். என்கிட்டயும் அப்படித்தானே கேப்பீங்க. நானும் ம்னுதானே சொல்லுவேன்."

"எவ்வளவு நாளா?"

"கல்யாணம் ஆனதுல இருந்து" என்றாள். குரலில் குறை எதுவும் இல்லை. கைப்பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கழுவப் போட்டாள்.

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நான் தலையாட்டுவேன். ம் சொன்னா திருப்பிக் கேப்பார்."

புதன்கிழமை அவருக்கு வகுப்பு இல்லை. வீட்டில் யாரும் இல்லாத முற்பகலில், சேமித்து வைத்திருந்த தன் வகுப்புகளை முதல் தடவையாகப் போட்டுப் பார்த்தார். பயிற்சி வகுப்பில் குறிப்பெடுத்த நோட்டு பக்கத்தில் இருந்தது. எட்டு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பேசாதே. பாடத்தைச் சிறு துண்டுகளாக வெட்டு. விடையைச் சொல்லும் முன் ஊகிக்கச் சொல். இருவர் இருவராகப் பேசவிடு. கேட்டபின் காத்திரு. கடைசி வரியை அவரே சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்.

ஒரு தாளை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார். நான்கு செங்குத்துக் கோடு, ஐந்தாவது குறுக்கே. பதினொரு வருடம் அவர் சொல்லிக்கொடுத்த முறை. ஐம்பது நிமிடத்தில் எழுபத்தொரு புரியுதா. நடுவில் விட்ட நேரம் ஒன்று புள்ளி நான்கு விநாடி. நாற்பத்தொன்று ஒன்றரை என்று சொன்னது தாராளம்.

திரையில் இருந்த மனிதரை அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் யாரையும் பார்க்கவில்லை. முன்பு வகுப்பறையில் கடைசி பெஞ்சுப் பையன் ஜன்னல் பக்கம் திரும்பினால் அவர் சாக்பீஸை நிறுத்துவார். பையன் திரும்பும் வரை நிற்பார். இங்கே திருப்ப முகம் இல்லை. முகம் இல்லாத இடத்தில் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்.

பின்னோக்கிப் போனார். இரண்டாவது மாதம், முதல் மாதம், முதல் வாரம். அந்தப் புரோகிராம் வருவதற்கு முந்திய நாட்கள். பதில்கள் குறைவாக இருந்தன. எண்களும் எழுத்துகளும் ஒழுங்கில்லாமல் வந்தன. ஓர் இடத்தில் நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டார்.

அவர் குரல்: "மாதிரித் தரவுக்குத் திட்டவிலக்கம் கண்டுபிடிக்கறப்ப, கடைசியில எண்ணிக்கையால வகுக்கக்கூடாது. அதுல ஒண்ணைக் கழிச்சுட்டு வகுக்கணும். புரியுதா? நல்லது. அடுத்தது."

'நல்லது' என்ற சொல் வரும்போது திரையின் ஓரத்தில் எழுத்து ஏறியது. எண் 41: சார் ஏன் ஒண்ணைக் கழிக்கணும், புரியல.

'அடுத்தது' வரும்போது இன்னொன்று. எண் 7: எனக்கும் புரியல.

மறுநாள் வகுப்பில் நாற்பத்தொன்று மறுபடி கேட்டிருந்தது. "வெரிகுட்" என்று திரையில் இருந்தவர் சொன்னார். எழுத்தைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை. எழுத்து வந்த ஒலிக்குச் சொன்னார்.

முதல் வாரத்தில் மட்டும் பதினான்கு 'புரியல'. தாளில் தனியாகக் கோடு போட்டார். இரண்டாவது வாரத்தில் ஆறு. மூன்றாவது வாரத்தில் ஒன்று. நான்காவது வாரம் திங்கட்கிழமை முதல் எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது.

பென்சிலைக் கீழே வைத்தார். அது உருண்டு மேசைக்கு அடியில் போனது. அதை எடுக்க அவர் குனியவில்லை.

வியாழக்கிழமை கல்லூரிக்குப் போனார். முதல்வர் அறை வாசலில் புதிதாக ஒரு தட்டி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. 'மாணவர் ஈடுபாட்டில் நூறு சதவீதம் நோக்கி' என்று அதில் அச்சாகியிருந்தது. ரீஸ்டார்ட் அதற்கு ஆணி தேடிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க சொல்லுங்க" என்றார் ரீஸ்டார்ட். "மத்தவங்கல்லாம் கேமராவை ஆன் பண்ணு, ஆன் பண்ணுன்னு தொண்டை கிழியக் கத்தறாங்க. ஒரு பய பேசமாட்டேங்கறான். உங்களுக்கு மட்டும் எப்படி?"

"ஏதோ தப்பு இருக்குன்னு உங்களுக்குத் தோணலையா?"

"மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணினேனே சார்."

முதல்வர் தொலைபேசியில் பேசிக்கொண்டே கையால் உட்காரச் சொன்னார். பேசி முடித்ததும் அவரே ஆரம்பித்தார்.

"நாளைக்குப் பத்து மணி. பெரிய ஹால். திரை ரெடி. குழுவுல ரெண்டு பேர் வர்றாங்க. உங்களைப் பத்தி நான் ரொம்பச் சொல்லி வெச்சிருக்கேன். என்ன, சரிதானே?"

"சார், அந்த எண்ணைப் பத்திக் கொஞ்சம் பேசணும்."

"பேசுங்க, பேசுங்க, நாளைக்கு அதைத்தானே பேசப்போறீங்க. எல்லாத்தையும் இங்கேயே சொல்லிட்டா எப்படி? என்ன, சரிதானே?" முதல்வர் அடுத்த தாளை எடுத்துவிட்டார்.

முதல்வர் விட்ட இடைவெளி ஒரு விநாடிகூட இல்லை. ஆசிரியருக்குத் தெரியாமலே கை எண்ணியிருந்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் முதல் கோட்டில் நின்றது. அவர் எழுந்து வெளியே வந்தார். வாய் "சரிதான் சார்" என்று சொல்லியிருந்தது.

பேருந்துக்குக் காத்திருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. எண் 41: நாளைக்கு ஓடணுமா வேண்டாமா சார்? உங்க இஷ்டம்.

ஓடினால் பதவி. பதினொரு தாள்களுக்குப் பிறகு தாளே வராத ஒரு வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்த நூலகத்திலும் போய் ஒளிய வேண்டாம். ஒரு சொல்லைச் சொன்னால் போதும். அதை அவர் சொல்லக்கூட வேண்டாம், அதுவே வந்துவிடும்.

இரண்டு பேருந்துகளை விட்டார். பிறகு எழுதினார்: ஓடட்டும்.

வெள்ளிக்கிழமை ஹாலில் முப்பது ஆசிரியர்கள் இருந்தார்கள். முன் வரிசையில் குழுவிலிருந்து இரண்டு பேர். பெரிய திரையில் ஐம்பத்தெட்டுக் கறுப்புக் கட்டங்கள். இவ்வளவு பெரிதாகப் பார்த்தபோது அவை பூட்டிய கடைகளின் வரிசைபோல இருந்தன.

"இவர்கிட்ட ஒரு ரகசியம் இருக்கு" என்றார் முதல்வர். "இன்னைக்கு அதை நமக்குச் சொல்லப்போறார். எல்லாரும் நல்லாக் குறிப்பெடுத்துக்கணும். என்ன, சரிதானே?"

"சரிதான் சார்" என்றார்கள் முப்பது பேரும்.

அவர் மைக்கைக் காலரில் மாட்டினார். சராசரியைப் பற்றி ஆறு நிமிடம் பேசினார். அந்தச் சொல் ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் வந்து உதட்டுக்குப் பின்னால் நின்றது. அதை விழுங்கினால் அடுத்த வாக்கியம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்து பழகிய படிக்கட்டில் ஒரு படியை எடுத்துவிட்டதுபோல இருந்தது. இரண்டு தடவை இருமினார். வணிகவியல் அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "இன்னைக்கு ஃபார்ம்ல இல்ல" என்றது காதில் விழுந்தது.

பிறகு பலகையில் எழுதினார். எழுதியதையே படித்தார். அந்தச் சொல் வந்துவிடாதபடி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் படித்தார்.

"ஒரு வகுப்புல ஐம்பத்தெட்டு பேர். ஆசிரியர் கேட்டப்பல்லாம் ஐம்பத்தெட்டு பேரும் புரிஞ்சுதுன்னு எழுதினாங்க. உண்மையில புரிஞ்சவங்க எத்தனை பேர்? ஊகிச்சு ஒரு எண் மட்டும் எழுதுங்க."

கைகளை மேசைமேல் வைத்தார். காத்திருந்தார்.

பத்து விநாடி. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். இருபது. திரையில் ஓர் அசைவும் இல்லை. முப்பதாவது விநாடியில் முதல்வர் ரீஸ்டார்ட்டைப் பார்த்தார். ரீஸ்டார்ட் எழுந்து நின்று கம்பிகளைப் பார்த்தார். நாற்பது. ஆசிரியரின் முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. எனக்கும் வேர்க்கும் என்று மனைவி சொன்னது ஞாபகம் வந்தது.

நாற்பத்தேழாவது விநாடியில் ஒரு குண்டூசி விழுந்தது. 0.

பிறகு 4. கொஞ்சம் இடைவெளி விட்டு 1. எண் நாற்பத்தொன்று 2 என்று எழுதியிருந்தது. 0. 10. 3. 1. 58. 0. 5.

பதினொன்றோடு நின்றது. மேலும் ஒரு நிமிடம் காத்திருந்தார். மிச்சம் நாற்பத்தேழு கடைகள் திறக்கவில்லை.

"பதினொரு பேர் இருக்காங்க" என்றார் ஹாலைப் பார்த்து. பிறகு எண்களை வரிசைப்படுத்தினார். "கூட்டி வகுத்தா ஏழரைக்கு மேல வருது. ஒரே ஒருத்தர் எழுதின ஐம்பத்தெட்டு அதைத் தூக்கிவிட்டிருச்சு. அதனால வரிசையில நடுவுல நிக்கற எண்ணைப் பாக்கணும். அது ரெண்டு."

முதல்வர் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பது மட்டும் மறந்துபோனவர்போல இருந்தார்.

"இப்ப இன்னொரு கேள்வி" என்றார் ஆசிரியர். மைக் பக்கம் குனிந்தார்.

"புரியுதா?"

ஹாலின் ஒலிபெருக்கிகள் பெரியவை. ஐம்பத்தெட்டு ஒலிகளும் முழுதாகக் கொட்டின. புரிந்தது சார். யெஸ் சார். ஓகே சார். புரிந்தது சர். முன் வரிசையில் ஒருவர் இரண்டு கைகளாலும் காதை மூடினார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் பேனா பாதி எழுத்தில் நின்றிருந்தது.

அவர் எதையும் விளக்கவில்லை. "தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு இதுதான்" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கழற்றினார்.

முதல்வர் அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "இதை எனக்குத் தனியாச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லத்தான் வந்தேன் சார். நேத்து."

"வந்தீங்களா?"

"வந்தேன்."

முதல்வர் யோசித்தார். உண்மையாகவே நினைவில் தேடினார். கிடைக்கவில்லை.

படியில் இறங்கும்போது வணிகவியல் அம்மா பின்னால் வேகமாக வந்தார். இருபது வருட அனுபவம், கறாரானவர், யாரிடமும் நின்று பேசமாட்டார்.

"சார், ஒரு நிமிஷம். இந்த மாதிரி வேற யாருக்காவது இருக்கா?"

"ஆறு பேருக்கு இருக்காம் மேடம்."

"நான் இருக்கேனா?"

ஹாலுக்குப் போகும் முன் அவர் நாற்பத்தொன்றிடம் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கியிருந்தார். "இருக்கீங்க."

"என் வார்த்தை என்ன?"

"ஓகேவா."

"நான் அப்படியெல்லாம் சொல்றதே இல்லையே சார். யாரோ கதை கட்டறாங்க. நான் போய் விசாரிக்கிறேன், ஓகேவா?"

அந்த அம்மா வாயில் கைவைத்தார்.

பதவி அந்த அம்மாவுக்குத்தான் போனது. இருபத்திரண்டு சதவீதம் நம்பத்தகுந்த எண் என்று குழு குறிப்பெழுதியது. புள்ளியியல் ஆசிரியருக்கு வழக்கமான தாள் வந்தது. இந்தத் தடவை ஒரு வருடம் என்ற இடத்தில் ஆறு மாதம் என்று இருந்தது. வாங்கிப் படித்தார், கையெழுத்துப் போட்டார். வீட்டில் அன்று மகளிடமும் சொன்னார். அவள் தலையாட்டாமல், "ஆறு மாசம் கழிச்சு என்னப்பா?" என்று கேட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அலமாரியைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்தார். நாற்பத்தொன்று புரோகிராமை நிறுத்தியிருந்தது. ஐம்பத்தெட்டுக் கட்டங்களில் பத்தொன்பதுதான் வந்திருந்தன. எட்டு நிமிடம் பேசினார். நிறுத்தினார்.

"எங்க புரியல?" என்று கேட்டார். காத்திருந்தார்.

ஒட்டுநாடா இழுக்கும் சத்தம் கேட்டது. எண் நாற்பத்தொன்று மைக்கைத் திறந்திருந்தாள்.

"சார், முதல் வாரத்துல கேட்டதுதான். ஏன் ஒண்ணைக் கழிச்சுட்டு வகுக்கணும்?"

அவர் பதிலைச் சொன்னார். புத்தகத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. பெயரைச் சொன்னார்.

"பேரு தெரியும் சார். ஏன்னு கேட்டேன்."

அவர் பேனாவை எடுத்துப் பலகையில் வைத்தார். ஒரு வரி எழுதினார். அடுத்த வரியில் ஒன்று கழிந்திருக்க வேண்டும். எங்கிருந்து கழிகிறது என்று தேடினார். கல்லூரியில் தனக்குச் சொன்னவரை நினைத்துப் பார்த்தார். அந்த ஆசிரியரும் இந்த இடத்தில் பலகையைத் துடைத்தபடி ஏதோ ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தார். பதினொரு வருடம், வருடத்துக்கு இரண்டு பிரிவு. ஒவ்வொரு தடவையும் சரியாக இதே இடத்தில், இதே வரிக்குப் பிறகு, புரியுதா என்று கேட்டுவிட்டுத் தாண்டியிருக்கிறார்.

அவருக்குத் தெரியாது.

பேனா பலகைமேல் நின்றது. திரையில் ஒரு புள்ளி விழுந்தது. சொல் வந்து உதட்டில் நின்றது. அதை விடவில்லை.

"எனக்குத் தெரியலைம்மா" என்றார்.

அலமாரியில் ஒரு சேலை நழுவித் தரையில் விழுந்தது. திரையில் யாரும் அசையவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். மடிக்கணினி ஒரே ஒரு தடவை ஒலித்தது.

எண் 23: எனக்கும் தெரியல சர்.

அவர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'சர்' என்பதில் இன்னும் கால் இல்லை.